போட்ட இடத்திலேயே நிற்கும் மருந்து

ட்ரையாம்சினலோன் குப்பியை அசைக்காமல் கொஞ்ச நேரம் மேஜையில் வைத்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அடியில் வெள்ளையாகப் படியும், மேலே தெளிந்து நிற்கும். குலுக்கினால் மறுபடி பால் நிறம். கெனகார்ட் என்ற பெயரில் நம் ஊர் மருந்துக்கடைகளில் பலருக்கும் பழக்கமான குப்பி அது. அந்த வெள்ளைத் துகள்கள் தண்ணீரில் எளிதில் கரையாத ஸ்டீராய்டு படிகங்கள். கரையாது என்பதற்காகவே இந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தோலுக்குள் ஓரிடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். அதனால்தான் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டால் போதும் என்கிறார்கள்.

பல வருடங்களாக என் நெஞ்சுக்குள் இந்தப் படிகங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எனக்கிருப்பது கீலாய்டு. கல்லூரி நாட்களில் நெஞ்சு நடுவில் வந்த ஒரு சாதாரணப் பரு ஆறி, ஆறிய இடம் தடித்து, பளபளவென்று சிவந்து, பிறகு பருவுக்குச் சம்பந்தமே இல்லாத நல்ல தோலுக்குள்ளும் கால் நீட்டியது. தடித்த தழும்பு எல்லாம் கீலாய்டு ஆகிவிடாது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்றால் அது வெறும் தடித்த தழும்பு. பல சமயம் ஓரிரு வருடத்தில் தானாகவே தணியும். கீலாய்டு எல்லை தாண்டும், தானாக அடங்காது. உடம்பு காயத்தை மூடக் கொலாஜன் என்ற புரத நாரைக் கட்டத் தொடங்குகிறது, மூடிய பிறகும் கட்டுவதை நிறுத்த மறந்துவிடுகிறது. நெஞ்சு, தோள், காது மடல், தாடை ஓரம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். கறுத்த, மாநிறத் தோலுள்ளவர்களுக்கும், பதின்ம வயது முதல் முப்பது வயது வரை உள்ளவர்களுக்கும், வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலும் வாய்ப்பு கூடுதல். பிறந்தவுடன் இடது தோளில் போடும் பிசிஜி தடுப்பூசித் தழும்பு சிலருக்கு வளர்ந்து பருப்பதும் இதே கதைதான்.

பார்ப்பவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை. இருப்பவர்களுக்கு அரிப்பு. ராத்திரி தூக்கத்தில் சொறிந்து எழுந்திருக்கிறேன். பேருந்தில் கூட்டத்தில் யாராவது பை இடித்தால் சுரீரென்று ஊசி குத்திய மாதிரி இருக்கும். "சின்னத் தழும்புக்கு இவ்வளவா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன்.

க்ரீம் தடவினால் போகாதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. போகாது. மெல்லிய தழும்புக்கு வேண்டுமானால் கொஞ்சம் பலன் தெரியலாம். ஆனால் கீலாய்டு என்பது கெட்டியாக முறுக்கிய கொலாஜன் கட்டு, மேலே தடவியது அதன் ஆழம் வரை இறங்குவதில்லை. சரி, ஸ்டீராய்டு மாத்திரை? ஒரு விரல்கடைத் தழும்புக்காக உடம்பு முழுக்க ஸ்டீராய்டு ஓட வேண்டும். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நேரே தழும்புக்குள் ஊசி போடுவதன் நியாயம் இங்கேதான். உள்ளே போகும் மொத்த மருந்து ஒரு மில்லிகூட இருக்காது. ஆனால் தழும்புக்குள் அதன் செறிவு மாத்திரையால் எட்டவே முடியாத உயரத்தில் இருக்கும். கொலாஜன் கட்டும் செல்களை அது மந்தப்படுத்துகிறது, வீக்கத்தைக் கிளப்பும் சமிக்ஞைகளை அடக்குகிறது, கட்டியதைக் கரைக்கும் நொதிகளுக்கு இடம் கொடுக்கிறது. 1960களிலிருந்து இதே மருந்து, ஏறக்குறைய இதே முறை. அறுபது வருடம் கழித்தும் கீலாய்டுக்கு டாக்டர்கள் முதலில் கையை நீட்டுவது இந்தக் குப்பியை நோக்கித்தான்.

போடும்போது வலிக்கும். அதை மறைத்துச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. சாதாரணத் தசையில் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும், கீலாய்டில் எதிர்த்து நிற்கும். மருந்து உள்ளே போக இடமில்லாமல் டாக்டரின் கட்டைவிரல் நடுங்குவது நமக்கே தெரியும். அழுத்தம் அதிகமாகி ஊசி கழன்று மருந்து தெறிப்பது நடக்கக்கூடிய விஷயம். அதனால்தான் திருகிப் பூட்டும் சிரிஞ்சோ, ஊசி பிரியாத இன்சுலின் சிரிஞ்சோ பயன்படுத்துகிறார்கள். போடுபவர் கண்ணாடி அணிவதும் அதனால்தான். சிலர் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து போடுகிறார்கள். முதல் முறைகளில் எனக்குத் திரவ நைட்ரஜனை ஊதி உறைய வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, தழும்பு நீர் கோத்து இளகிய பிறகு போட்டார்கள். ஊசி சுலபமாக இறங்கியது உண்மை. ஆனால் அன்று ராத்திரி உறைய வைத்த எரிச்சல் ஊசி வலியைவிட மோசம். எது தேவலை என்று இன்னும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

மருந்து சரியான இடத்தில் இறங்கும்போது தழும்பு வெளிறும். சிவந்திருந்தது வெள்ளைச் சாயம் பூசியது போல மாறும். டாக்டர் எதிர்பார்ப்பது அதைத்தான். தடையே இல்லாமல் ஊசி சட்டென்று எளிதாகப் போனால் அவர் நிறுத்திவிடுவார், ஏனென்றால் தழும்பைத் தாண்டிக் கீழே கொழுப்பில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சிகிச்சையின் நன்மை தீமை இரண்டையும் பிரிப்பது சில மில்லிமீட்டர் ஆழம். மருந்து போட்ட இடத்திலேயே நிற்கும், வேலை செய்யும். தப்பான இடத்தில் போட்டாலும் அங்கேயே நிற்கும், அங்கேயும் வேலை செய்யும். உள்ளே போன பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மறுநாள் நிறுத்தலாம், படிகத்தை என்ன செய்வது?

எனக்கு முதலில் போனது அரிப்பு. முதல் ஊசிக்குப் பிறகே ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். உயரம் குறைய மாதங்கள் ஆயின. தட்டையான பிறகும் தழும்பு அங்கேதான் இருக்கிறது. நிறம் வேறு, தோலின் சுருக்கம் வேறு. இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசியைத் தொடங்குவதால்தான் பாதிப் பேர் நடுவில் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். காணாமல் போகும் என்று எதிர்பார்த்து வந்தவருக்குத் தட்டையாவது ஏமாற்றம். அரிப்பும் வலியும் போனால் போதும் என்று வந்தவருக்கு அது வரம்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "மாசாமாசம் குத்திக்கிறதுக்கு ஒரேயடியா வெட்டி எடுத்துட வேண்டியதுதானேடா?" என்று இன்றும் கேட்பார். கேட்பது நியாயம் போலத்தான் தோன்றும். என் சித்தி மகன் அப்படித்தான் காது மடலில் இருந்ததை வெட்டி எடுத்தான். வேறு ஊசியோ சிகிச்சையோ எதுவும் சேர்க்கவில்லை. தையல் பிரித்தபோது காது அழகாக இருந்தது. அடுத்த வருடம் பழையதைவிடப் பெரிதாக வந்து நின்றது. கீலாய்டை வெட்டுவதும் ஒரு காயம்தானே, அந்த உடம்புக்குக் காயம் என்றால் என்ன செய்யத் தெரியும்? வெட்டி எடுத்து அதோடு விட்டுவிட்டால் பாதிப் பேருக்கு, சில ஆய்வுக் கணக்குகளில் அதற்கும் மேலே, திரும்ப வருகிறது. அதனால் இப்போது வெட்டினால் கூடவே ஸ்டீராய்டு ஊசி, காதென்றால் அழுத்திப் பிடிக்கும் கம்மல், பிடிவாதமானதற்கு அறுவை முடிந்த ஓரிரு நாளிலேயே கதிர்வீச்சு என்று சேர்த்துத்தான் செய்கிறார்கள். ஊசி மட்டும் போட்டாலும் திரும்ப வரலாம். நானே அதற்குச் சாட்சி. இரண்டு வருடம் அமைதியாக இருந்த ஓரம் மறுபடி அரிக்கத் தொடங்கியது.

இப்போது தீமைகள். அதிகம் நடப்பது பள்ளமும் வெளுப்பும். தழும்பின் ஓரத்திலோ அதற்கு அடியிலோ மருந்து கசிந்தால் அங்குள்ள நல்ல தோலும் கொழுப்பும் மெலிந்து பள்ளமாகும், மேலே சிறு ரத்தக்குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். நிறம் தரும் செல்களும் அடங்கிப் போவதால் வெள்ளைத் திட்டு வரும். எனக்கு ஒரு கிளினிக்கில் போட்ட பிறகு தழும்பிலிருந்து அக்குள் பக்கமாக ஒரு வெளிறிய கோடு ஓடியது. நிணநீர்க் குழாய் வழியாக மருந்து நகர்ந்தால் இப்படி வரும் என்று பிறகு வேறொரு டாக்டர் விளக்கினார். வெள்ளைக்காரத் தோலில் இந்தக் கோட்டை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நம் தோலில் எட்ட நின்றாலே தெரியும். நம் ஊரில் வெள்ளைத் திட்டைப் பார்த்ததும் ஆட்கள் என்ன நினைப்பார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பதையும் பக்கவிளைவுக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். பெரும்பாலும் மாதங்களில் நிறம் திரும்பும், சில சமயம் ஒரு வருடம் போல ஆகும். சிலருக்குத் திரும்புவதில்லை. என் கோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அங்கேயே நிற்கும் என்று சொன்னேன் அல்லவா, முழுக்க நிற்பதில்லை. கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். என் அக்கா மகளுக்குத் தோளில் ஊசி போட்ட மாதம் மாதவிடாய் தாறுமாறானது. வேறு எதையோ நினைத்து வீடே பயந்துபோனது. இந்த ஊசிக்குப் பிறகு மாதவிடாய் முன்னே பின்னே ஆவது தெரிந்த விஷயம்தான், ஆனால் பெண்களிடம் அதை யாரும் முன்னாடியே சொல்வதில்லை. சுகர் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும். குழந்தைகளுக்குப் பெரிய தழும்பில் நிறையப் போட்டால் உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கி, முகம் உருண்டு, வளர்ச்சி தடைபடும் அளவுக்குக்கூடப் போகலாம். இன்னொன்று, எச்ஐவி சிகிச்சையில் ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தோல் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்து ட்ரையாம்சினலோனைக் கல்லீரல் சிதைக்க விடாமல் தடுக்கும். ஒரே ஒரு ஊசி மாதக்கணக்கில் உடம்பை ஆட்டிவைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

இதே குப்பி வேறு இடங்களுக்கும் போகிறது. தலையிலோ தாடியிலோ வட்டமாக முடி உதிரும் புழுவெட்டுக்கு, நீர்த்து, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சொட்டுச் சொட்டாகப் போடுவார்கள். முடி பெரும்பாலும் முளைக்கும். ஆனால் சின்ன வட்டங்கள் ஊசி இல்லாமலும் முளைப்பதுண்டு. சின்ன வெங்காயம் தேய்த்து முளைத்தது என்று சத்தியம் செய்பவர்களைச் சும்மா சிரித்து ஒதுக்க முடியாததற்கு அதுதான் காரணம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கன்னத்தில் எழும்பும் பெரிய கட்டிப் பருவுக்கும் இதே ஊசிதான். இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும், மாயம் போல இருக்கும். இங்கேதான் எனக்குப் பயம். கீலாய்டுக்கு மில்லிக்கு 10 முதல் 40 மில்லிகிராம் செறிவில் போடுகிறார்கள். முகப் பருவுக்கு 2.5 அல்லது அதற்கும் கீழே நீர்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் 40 மில்லிகிராம் குப்பியை அப்படியே உறிஞ்சி முகத்தில் இறக்கினால் பரு போன இடத்தில் பள்ளம் விழும். போட்டோவில் பரு இருக்காது, பள்ளம் இருக்கும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அட்டையிலேயே இருந்தாலும், வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பள்ளம்கூடப் பரவாயில்லை. புருவங்களுக்கு நடுவிலும், மூக்கைச் சுற்றியும், இமையிலும் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஊசி முனை அதற்குள் போய், அழுத்தித் தள்ளினால், மருந்து ரத்தம் வரும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி ஓடி, பிறகு விழித்திரைக்குப் போகும் குழாயில் படிகமாக அடைத்துக்கொள்ளும். பார்வை அந்த நாற்காலியிலேயே போய்விடும். மிக மிக அரிது. ஆனால் நடந்திருக்கிறது. முகத்தில் போடும் நல்ல டாக்டர்கள் மெல்லிய ஊசி, குறைந்த செறிவு, துளி அளவு, மெதுவான அழுத்தம் என்று ஒரேயடியாகக் கறாராக இருப்பது இதனால்தான். அவர்கள் அவசரப்படாததைப் பார்த்து நாம் அவசரப்படுத்தக் கூடாது.

கைக்குழந்தைகளுக்கு வரும் சிவப்பு ரத்தக்குழாய்க் கட்டிகளின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கண்ணிமையில் அது வளர்ந்து பார்வையை மறைத்தால் ஒரு காலத்தில் ஸ்டீராய்டை நேரே அதற்குள்தான் ஏற்றினார்கள். ரத்தக்குழாய்களே ஆன கட்டி, அதுவும் இமையில். மேலே சொன்ன ஆபத்து அத்தனையும் ஒரே இடத்தில். பிரான்சின் போர்தோ நகரில் இதயப் பிரச்சினைக்காக ப்ரொப்ரனலால் கொடுத்த குழந்தையின் கட்டி எதிர்பாராமல் சுருங்குவதைக் கவனித்து, 2008இல் அதை வெளியிட்டார்கள். இன்று சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வாய்வழி மருந்துதான். நேரே ஊசி போடுவதுதான் எப்போதும் சிக்கனமான வழி என்ற என் நம்பிக்கையை இந்தக் கதை கொஞ்சம் ஆட்டியது.

ஸ்டீராய்டு அல்லாத ஊசிகளும் உண்டு. அடங்காத கீலாய்டுக்கு 5-ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்தைக் கலந்து போடுகிறார்கள். பள்ளமும் வெளுப்பும் குறைகிறது என்கிறார்கள், வலியும் புண்ணும் கூடும். மருவுக்குப் ப்ளியோமைசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து. மரு கறுத்துப் பொருக்காகி விழும். விரல் நுனியில் போட்டால் நகம் கெடலாம், குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் தொல்லை தங்கிவிடலாம். கர்ப்பிணிகளுக்கு இவை இரண்டும் ஆகாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மருவுக்குள் எம்எம்ஆர் தடுப்பூசி போடுவது. தட்டம்மைக்கான அதே ஊசிதான். மருவின் வைரஸ் உடம்பின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். அங்கே தடுப்பூசியைப் போட்டால் எதிர்ப்புச் சக்தி கூட்டமாக வந்து அதையும் பார்த்துவிடும். ஒரு மருவில் போட்டால் போடாத மருக்களும் உதிர்வதுண்டு. இந்த யோசனை ரொம்பப் பழசு. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் 1891இல் புற்றுக்கட்டிக்குள் உயிருள்ள பாக்டீரியாவையே ஊசியில் ஏற்றினார். ஆபத்தான வேலை, பலன் எல்லோருக்கும் வரவில்லை, கதிர்வீச்சு வந்ததும் உலகம் அவரை மறந்தது. 2015இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கட்டிக்குள் நேரே போடும், மாற்றியமைத்த ஹெர்பிஸ் வைரஸ் ஊசிக்கு அனுமதி கிடைத்தது.

இலங்கைத் தமிழர்களுக்கு இன்னொரு ஊசி தெரிந்திருக்கும். மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் தோல் புண், வலிக்காமல் அரிக்காமல் மாதக்கணக்கில் கிடப்பது. அதற்கு அங்கே சோடியம் ஸ்டிபோக்ளூக்கனேட்டை வாராவாரம் புண்ணின் ஓரங்களில் ஏற்றுகிறார்கள். அது ஆன்டிமனி மருந்து. ரத்தத்தில் முழு அளவு ஏற்றினால் இதயத்தையும் கணையத்தையும் கண்காணிக்க வேண்டியிருக்கும். புண்ணுக்குள் மட்டும் என்றால் வெளிநோயாளியாக வந்துபோனால் போதும். ஆனால் வாராவாரம் வர வேண்டும், வயல் வேலையை விட்டு வலிக்கும் ஊசிக்காக. புண்ணோ வலிக்கவில்லை. நடுவில் நின்றுவிடுபவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஊசிக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். எவ்வளவு செறிவு என்று கேளுங்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள், டாக்டர் மாறினால் உதவும். சாப்பிடாமல் போகாதீர்கள், மயக்கம் வரும். போடும் முன் குப்பியைக் குலுக்குகிறார்களா என்று பாருங்கள். குலுக்காவிட்டால் முதலில் போட்டுக்கொள்பவருக்கு ஒரு அளவும் கடைசியில் வருபவருக்கு வேறு அளவும் போகும். ஊசி போட்ட இடம் தட்டையான பிறகும் "இன்னொன்று போடலாமா" என்று நீங்களாகக் கேட்காதீர்கள், பள்ளம் அங்கேதான் தொடங்கும். எங்கேயாவது அறுவை சிகிச்சை என்றால் கீலாய்டு வரும் உடம்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது காது குத்து, பச்சை, மச்சம் எடுப்பது எல்லாம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் ஒன்று. ஊசி போட்டும் அடங்காமல் ஒரு பக்கமாக வளர்ந்து, மேலே புதிதாக முடிச்சு முடிச்சாக எழும்பினால், அது கீலாய்டுதானா என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்று ஒரு தோல் புற்று உண்டு. மெதுவாக, வருடக்கணக்கில், பார்க்கக் கீலாய்டு மாதிரியே வளரும், அதுவும் நெஞ்சு, தோள் போன்ற அதே இடங்களில். கீலாய்டு என்று நினைத்து அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டே இருந்த கதைகள் மருத்துவ இதழ்களில் உண்டு. கீலாய்டு உடம்பில் சதை எடுத்துச் சோதித்தால் அதுவே இன்னொரு கீலாய்டைக் கிளப்பும் என்பதால் டாக்டர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் சரியானதுதான். ஆனால் காயமே படாத இடத்தில் தோன்றியிருந்து, ஊசிக்கும் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால், இன்னொரு தழும்பு வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.